பவுடருக்கு முந்தின வார்த்தை

பாட்டு முடியக்கூடாது, இன்னும் ஒரு சரணம், ஆண்டவரே இன்னும் ஒரே ஒரு சரணம் என்று பியூலா உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தால் பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பாள், துடைத்து மாட்டிக்கொண்டு, ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லுகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்பாள், தங்கபுஷ்பம் அக்கா எழுந்திருப்பாள். எழுந்திருக்கப்போகிறாள் என்பது அவள் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது, பாயில் சம்மணம் போடாமல் ஒரு முழங்காலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தூரத்தில் பஸ் வருகிறதைப் பார்த்துவிட்டவளைப் போல. பியூலாவுக்குக் கணுக்காலில் கோரைப்பாய் அழுந்தி எரிகிறது. காலை மாற்றினால் மடியில் தூங்குகிற ஷைனி முழித்துக்கொள்வாள், முழித்தால் பேசுவாள், இப்போது அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிடக்கூடாது, இத்தனை பெண்களுக்கு நடுவில், தங்கபுஷ்பம் அக்கா மகள் லீதியாவுக்கு இத்தனை பக்கத்தில். நாலு வயசுப் பிள்ளைக்குத் தூக்கத்தில் என்ன கனம், வாயை ஆவென்று திறந்துகொண்டு, கடைவாயில் எச்சில் வழிய. இந்த வாய்தான். இந்த வாயைக் காட்டித்தான். பியூலா ஈ ஓட்டுகிற மாதிரி முந்தானையை எடுத்து மகளின் வாயை மூடினாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்றால் மேட்டுத்தெருச் சபைக்குப் பெண்கள் மட்டும்தான் வருவார்கள், பீடி சுற்றுகிறவர்கள், தையல் மிஷின் மிதிக்கிறவர்கள், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாத முகங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உச்சி வெயிலில் கொதிக்கிறது, ஃபேன் அந்தக் கொதிப்பைத்தான் எடுத்துத் தலையில் கொட்டுகிறது. முன்வரிசையில் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் லீதியா, இரட்டைச் சடை, சடையில் சிவப்பு ரிப்பன். எல்லாரும் கை தட்டிப் பாடும்போது அவளும் தட்டுகிறாள், ஆனால் ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் பிந்தி விழுகிறது, பக்கத்தில் இருக்கிறவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிற கை. அவள் காதுக்குப் பின்னால், காது கேட்கிற மிஷின் உட்கார்ந்திருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு பிறை மாதிரி இருக்கிறது. பார்க்கக்கூடாது என்றுதான் பியூலா நாலாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு அந்தப் பிறையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அடிபம்பில் வைத்துத் தங்கபுஷ்பம் அக்கா சொன்னாள். "கழட்டிட்டேன் பியூலா. விசுவாசத்துல கழட்டிட்டேன். ஒரு கையில மிஷினும் இன்னொரு கையில பவுடரும் வச்சிருந்தா ஆண்டவர் எதை நம்பச் சொல்லுதார்னு இருக்கும்லா?" பியூலாவின் குடம் நிறைந்து வழிந்து காலடியில் ஓடியது. "நல்லதுதான்க்கா" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? வேறு என்ன சொல்லவேண்டும் என்று தெரியாததால். எப்போதும் அப்படித்தான், யாராவது முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆமாம் என்றுதான் வாயில் வரும், பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான், சத்துப் பவுடர் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற ஹெலன் அக்கா டப்பாவோடு வந்த அன்றைக்கும் அப்படித்தான்.

ஹெலன் அக்காவைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஏழாங்கிளாஸோடு நின்றுபோனவளை, பேங்கில் கையெழுத்துப் போடும்போதுகூட யாரும் பார்க்கிறார்களா என்று கையை மறைத்துக்கொள்கிறவளை, முதன்முதலாக "நீ நல்லாப் பேசுவே, ஒங்கிட்ட இருக்கு" என்று சொன்னவள் அவள்தான். புருஷன் ஜெபசிங்கூடச் சொன்னதில்லை. அவன் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னது வேறு. "மருந்துன்னா மருந்துக் கடையில விக்கும். திங்கிற சாமான்னா மளிகைக் கடையில விக்கும். ரெண்டு கடையிலயும் வெல போகாததுக்குத்தான் சொந்தக்காரனும் சபைக்காரனும் வேணும். பாத்துக்கோ." அன்றைக்கு அவளுக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. இவருக்கு நான் ஒன்று செய்தால் பொறுக்காது. வெள்ளைப் பலகையில் ஹெலன் அக்கா ஒரு வட்டம் போட்டு உள்ளே பெயரை எழுதினாள், "இது நீ" என்றாள், அதற்குக் கீழே அவள் சேர்த்துவிடவேண்டிய ஆட்களுக்கு இரண்டு வட்டம், அதற்குக் கீழே நாலு, அதற்குக் கீழே பலகையில் இடமில்லாமல் கோடு வெளியே போயிற்று. தன் பெயரை ஒரு வட்டத்துக்குள் அவ்வளவு பெரிதாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அந்த வட்டத்துக்குள் இருந்த பியூலா வேறொருத்தி, கூச்சப்படாதவள். இப்போது காசு கொடுத்து வாங்கி விற்காத டப்பாக்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன, பெருக்கும்போது விளக்குமாறு அவற்றில் இடிக்கிறது, இடிக்கிற ஒவ்வொரு முறையும் ஜெபசிங் தூங்குகிறானா என்று திரும்பிப் பார்க்கிறாள். அவன் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கேவலம். நாலு வார்த்தை திட்டினால் நாமும் திட்டலாம்.

சரணம் மறுபடியும் முதலிலிருந்து வந்தது, ஸ்தோத்திரம். கல்யாண மஹாலில் பவுடர் கம்பெனிக் கூட்டத்தன்றைக்கும் இப்படித்தான், பாட்டுப் போட்டு, எல்லாரையும் எழுப்பி நிறுத்திக் கை தட்டச் சொன்னார்கள். சபை மாதிரியே இருக்கிறதே என்று தங்கபுஷ்பம் அக்கா காதில் கிசுகிசுத்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனதே பியூலாதான், "சும்மா வாங்கக்கா, டீயும் வடையும் தருவாங்க, ஏசியில ஒக்காந்துட்டு வரலாம்" என்று சொல்லி. பிறகு மைக்கைக் கையில் கொடுத்து, "பியூலா மேடம் தன்னோட அனுபவத்தைச் சொல்லுவாங்க" என்றார்கள். மேடம். அனுபவம் என்றால் எப்படிச் சொல்வது? நாலு பேர் முன்னால் ஒரு பெண் எழுந்து நின்று பேசிப் பியூலா பார்த்திருப்பது இந்தச் சபையில் மட்டும்தான். இங்கே அவள் ஒரு தடவையாவது சாட்சி சொன்னதில்லை, பாஸ்டரம்மா கண் தன் பக்கம் திரும்பினாலே ஷைனியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யக் குனிந்துகொள்வாள். ஆனால் அத்தனை சாட்சிகளும் உள்ளே கிடந்திருக்கின்றன போல. மைக்கைப் பிடித்ததும் அவை வந்தன, அதே இழுப்பு, அதே விம்மல். எம் பிள்ளைக்கு மூணு வயசாகியும் பேச்சு வரல. நான் அழாத நாளில்லை. ஊரெல்லாம் ஊமை ஊமைன்னு சொல்லிச்சு. டாக்டரும் காத்திருந்து பாருங்கன்னு கைய விரிச்சுட்டார். அந்த நேரத்துலதான், என்று சொல்லி நிறுத்தினாள். சபையில் அந்த இடத்தில் ஆண்டவர் வருவார். அன்றைக்கு அந்த இடத்தில் பவுடர் வந்தது. கைதட்டல் தரையிலிருந்து பாதத்தில் ஏறியது. யாரோ கண்ணைத் துடைத்தார்கள். தங்கபுஷ்பம் அக்கா மட்டும் தட்டவில்லை, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது வியாபாரப் பேச்சு இல்லை. சபைப்பிள்ளை வாயால் வந்த சாட்சி. சாட்சியில் எவளாவது பொய் சொல்லுவாளா?

பொய்யா அது? இதை எத்தனை தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள், சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி. பிள்ளைக்கு மூணு வயசாகியும் பேச்சு வரவில்லை, உண்மை. அழுதது உண்மை. ஊமை என்று மாமியார்க்காரி சொன்னது உண்மை, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. பவுடர் குடித்தது உண்மை. பேசியது உண்மை. ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டவில்லை, வரிசையைத்தான் மாற்றினாள். எதிர்வீட்டு ஆடு வாசலுக்கு வந்து ஷைனி கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கியது, பிள்ளை காலை உதைத்துக்கொண்டு "சீ, போ!" என்றது, தெளிவாக, பெரிய மனுஷி மாதிரி. ஆடே திகைத்துப்போய் நின்றது. பியூலா ஓடிவந்து பிள்ளையையும் தூக்கி ஆட்டையும் கட்டிக்கொண்டு அழுதாள். அது லெந்து நாளில். ஈஸ்டர் எல்லாம் முடிந்து வெயில் ஏறின பிறகுதான் ஹெலன் அக்கா முதல் டப்பாவைக் கொண்டுவந்தாள், அப்போது ஷைனி ஹெலன் அக்காவையே "யாரு நீ?" என்று கேட்டாள். ஹெலன் அக்கா சிரித்தாள், "இப்பவே இப்படின்னா பவுடர் குடிச்சா வக்கீலாயிருவா" என்றாள். அவளுக்கும் தெரியும் அப்போ. தெரிந்துதான் மைக்கைக் கொடுத்தாளா, இல்லை சொல்லிச் சொல்லி அவளுக்கும் மறந்துவிட்டதா? பியூலாவுக்கே சில நேரம் மறந்துவிடுகிறதே. சில நேரம் ஆடு பிறகு வந்ததாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதெல்லாம் கூட இல்லை. உள்ளே இதற்கும் கீழே ஒன்று கிடக்கிறது, அதைத் தொட்டால்தான் முகம் தீயாக எரிகிறது. அன்றைக்கு மேடையை விட்டு இறங்கும்போது பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, மேடம் என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தூ.

பர்ஸுக்குள் போன் துடித்தது, தவளையை அமுக்கிப் பிடித்த மாதிரி. ஹெலன் அக்காவாகத்தான் இருக்கும். தங்கபுஷ்பம் அக்காவைக் கம்பெனியில் சேர்த்து இன்றைக்கு ஐடி போடவேண்டும், ஜெபம் முடிந்ததும் ஆதார் கார்டோடு வருகிறாள். இன்றைக்கு அவள் சேர்ந்துவிட்டால் பியூலாவுக்குக் கீழே இடது பக்கத்து வட்டமும் நிறைந்துவிடும், கட்டிலுக்கடியில் கிடக்கிற டப்பாக்களுக்கு ஒரு வழி பிறக்கும், ஜெபசிங்கின் முகத்தைப் பார்த்துச் சோறு போடலாம். அதுவும் அக்காவே ஆசைப்பட்டுத்தானே வருகிறாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே. என் வட்டத்துக்குக் கீழே யார்? தங்கபுஷ்பம். தங்கபுஷ்பத்துக்குக் கீழே யார்? கோட்டைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனால் கடைசியில் பலகைக்கு வெளியே சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை நிற்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. காதில் மிஷினோடு "ப, ப, ப" என்று டீச்சர் தொண்டையில் கை வைத்துப் பார்த்துப் பிள்ளை சொல்லும் என்று அக்கா பெருமையாக நடித்துக் காட்டுவாள். போன மாதத்திலிருந்து பஸ் ஏறவில்லை.

பாட்டு நின்றுவிட்டது. எப்போது நின்றது? பாஸ்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லாரும். "எம் மகளைப் பத்தி ஒங்க எல்லாருக்கும் தெரியும். அஞ்சு வயசு முடியப்போகுது. அம்மான்னு ஒரு வார்த்த கேக்கதுக்கு இந்தக் காது தவமிருந்துச்சு. ஆண்டவர் நம்ம பியூலா மூலமா எனக்கு ஒரு வழியக் காட்டுனார். ஷைனியப் பேச வச்ச அதே பவுடர நானும் குடுத்தேன். நேத்து சாயங்காலம், சாட்சியா சொல்லுதேன், இட்லியப் பிச்சு வாயில வைக்கேன், எம் பிள்ள என்னைய நிமுந்து பாத்து, 'ம்மா'ன்னா."

"அல்லேலூயா!" பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

பியூலாவுக்கு நேற்றுச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. வந்தது என்ன, அது போகவே இல்லை. டப்பா கொடுக்கப் போயிருந்தாள், வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இட்லி வாய்க்குள் போனது, உதடு மூடித் திறந்தது. அவ்வளவுதான். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அதுகூடக் கேட்டது. அக்கா சட்டென்று திரும்பினாள், முகம் பூராவும் வெளிச்சம், "கேட்டியாட்டி? கேட்டியா?" என்றாள். பியூலா சிரித்தாள். சிரிக்கத்தான் செய்தாள், ஆமாம் என்று சொல்லவில்லை, கர்த்தர் அறிவார், சொல்லவே இல்லை.

"இனிமே நான் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குன்னு போகப்போறதில்ல" என்றாள் தங்கபுஷ்பம். "மிஷின இன்னைக்கு மத்தியானமே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரப்போறேன். வேற ஒரு ஏழப் பிள்ளைக்கு ஆகட்டும். நமக்கு ஆண்டவர் செஞ்சிட்டார்லா, நாம ஏன் அத முடக்கி வைக்கணும்? வர்ற ஞாயித்துக்கெழம மஹால்ல வச்சும் இதச் சொல்லப்போறேன். பியூலா பக்கத்துலயேதான் இருந்தா, அவளும் கேட்டா. ஏ பியூலா, நீயும் எழுந்து ஒரு வார்த்த சொல்லுட்டி. கேட்டேல்லா?"

எல்லாத் தலையும் திரும்பியது. பட்டினி கிடந்த முகங்கள், எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு, ஒரு நல்ல சேதிக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிற சிரிப்பு. குனிந்துகொள்ளலாம். ஷைனியின் பொத்தான் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்தோத்திரம் சொன்னால் போதும், அது ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது, இத்தனை நாளும் அதை வைத்துத்தானே காலம் தள்ளினாள். மத்தியானம். இன்றைக்கு மத்தியானமே கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டால் மறுபடி கேட்டு வாங்க முடியுமா, எழுதிக் கொடுத்து, காத்துக் கிடந்து, அக்கா எத்தனை நடை நடந்து வாங்கின மிஷின் அது. லீதியாவும் திரும்பிவிட்டாள், எல்லாரும் திரும்பியதால். மற்றவர்கள் பியூலாவின் கண்ணைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை வாயைப் பார்த்தது. உதட்டையே, இமைக்காமல்.

பியூலா எழுந்திருக்கவில்லை, மடியில் பிள்ளை இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இல்லக்கா" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள் பின்வரிசையில், பழக்கத்தில். பிறகு ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள்.

"என்னட்டி இல்ல?" தங்கபுஷ்பம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்குக் கேக்கலக்கா. அவ வாயத்தான் அசைச்சா. சத்தம் வரல."

"ஒனக்குக் கேட்டிருக்காது. வாசல்ல இருந்தே."

"ஐஸ்காரன் மணி கேட்டுச்சுக்கா."

சிரிப்பு போக ஆரம்பித்தது. அது ஒரேயடியாகப் போகவில்லை, ஓரத்திலிருந்து காய்கிற ஈரச்சேலை மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று, பியூலா அது முழுவதையும் பார்த்தாள். "இங்க பாரு" என்றாள் தங்கபுஷ்பம். "ஒம் பிள்ள பேசிட்டா. நான் சந்தோசப்பட்டேனா இல்லியா? மஹால்ல நீ சொல்லும்போது எங்கண்ணுல தண்ணி வந்துச்சா இல்லியா? எம் பிள்ளைக்கு வந்தா மட்டும் ஒனக்கு எங்கனட்டி வலிக்கு?"

"பொறாம" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். "ஜெபத்துல ஒக்காந்துக்கிட்டு."

"தங்கபுஷ்பம், ஒக்காரும்மா" என்றாள் பாஸ்டரம்மா. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பொறாமை என்றே இருந்துவிட்டால் என்ன? அதோடு முடிந்துவிடும், பொறாமைக்காரி என்ற பெயரோடு சபைக்கு வந்துபோகலாம், பொய்க்காரியை விடப் பொறாமைக்காரி எவ்வளவோ மேல், எல்லா வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். மஹாலில் மைக்கைப் பிடித்த கை இப்போது ஷைனியின் பாவாடையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. குரல் எங்கே போயிற்று? அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் ஆற்றுத்தண்ணீர் மாதிரி வந்ததே. உண்மைக்கு ஒரு இழுப்பும் இல்லை, ஒரு விம்மலும் இல்லை, அதை இந்தச் சபையிலும் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை, அது மொட்டையாகத்தான் வந்தது.

"ஷைனி பவுடருக்கு முந்தியே பேசிட்டாக்கா."

"முந்தின்னா?"

"லெந்து நாள்லயே. ஆட்டைப் பாத்து. பவுடர் பெறவுதான் வந்துச்சு. நான் மாத்திச் சொல்லிட்டேன்." கசக்கின பாவாடையை நீவிவிட்டுக்கொண்டே, "அந்தப் பவுடர்ல ஒண்ணும் இல்லக்கா. சேரவும் வேண்டாம். மிஷினக் குடுத்துராதீங்க" என்றாள்.

ஏசுவாள் என்று பியூலா காத்திருந்தாள். மயிரைப் பிடிப்பாள், பிடிக்கட்டும், டப்பாவைக் கொண்டுவந்து முகத்தில் எறிவாள், எறியட்டும், அதெல்லாம் தாங்கிவிடலாம் என்றிருந்தது. தங்கபுஷ்பம் ஏசவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள், லீதியாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் அந்த வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள், கறையைத் துடைக்கிற மாதிரி, மறுபடியும் மறுபடியும். பிறகு பியூலாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்கிறவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப நேத்து நான் கேட்டது என்னதுட்டி?" என்றாள்.